வாலட்டில் போட்ட பணம் யார் கையில் இருக்கிறது?

கொஞ்ச நாள் முன்பு சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். "கவர்மெண்ட் சீல் இருக்கு பாரு, லைசென்ஸ் உள்ள ஆப்தான்" என்று கீழே ஒரு வரி. மின் கட்டணம், ரீசார்ஜ் எல்லாவற்றுக்கும் கேஷ்பேக் தருகிற ஏதோ ஒரு வாலட், அதாவது முதலில் பணம் போட்டுவைத்துப் பிறகு செலவழிக்கும் ஆப். திறந்து பார்த்தால் கம்பெனி பதிவுச் சான்றிதழ். சிங்க முத்திரை இருந்தது, 21 இலக்க நிறுவன எண் இருந்தது. எல்லாம் அசல். ஆனால் அந்தத் தாள் சொல்வது, இப்படியொரு கம்பெனி பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும்தான். ஊறுகாய் விற்கத் தொடங்கும் கம்பெனிக்கும் அதே தாளைத்தான் தருவார்கள். ஊரார் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

சித்தப்பா ஏமாளி இல்லை. முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். ஆப் நன்றாக வேலை செய்கிறது, பில் கட்டினால் ரசீது வருகிறது, கேட்டால் ஒரு சான்றிதழும் காட்டுகிறார்கள். வேறென்ன வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

2022 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எஸ்ரைடு என்ற ஆப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அது ஒரு கார்பூலிங் ஆப். ஒரே பாதையில் போகிறவர்களை ஒரே வண்டியில் சேர்த்துவிடும். பார்த்தால் பணத்தோடு சம்பந்தமே இல்லாத வேலை. ஆனால் அதற்குள் ஒரு வாலட் இருந்தது. அதை நடத்த வாங்கியிருக்க வேண்டிய அங்கீகாரத்தை அந்த குருகிராம் நிறுவனம் வாங்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2024 ஏப்ரலில், அதே குருகிராமிலிருந்து இன்னொரு பெயர் வந்தது: டாக்சார்ஜ் டெக்னாலஜீஸ். இவர்களும் அங்கீகாரம் இல்லாமல் இணையதளம் வழியாகவும் ஆப் வழியாகவும் வாலட் வழங்கிக்கொண்டிருந்தார்கள். நிறுத்துங்கள், வாலட்டில் உள்ள இருப்பை 15 நாளில் திருப்பிக் கொடுங்கள் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பிறகு மே 17 வரை கெடு நீண்டது. இடையில் நடந்ததுதான் கூத்து. பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நிறுவனம், முன்பு கொடுத்த கேஷ்பேக்கைத் திருப்பிக் கட்டுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கே நோட்டீஸ் அனுப்பியது. வாலட் இருப்பைத் திருப்பித் தரச் சொன்னோமே தவிர, கேஷ்பேக்கை வசூலிக்கச் சொல்லவில்லை என்று ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

சரி, எதற்கு இந்த அங்கீகாரம்? ஒரு கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்கினால் கணக்கு அங்கேயே தீர்ந்தது. வாலட் அப்படி இல்லை. இன்று 2,000 ரூபாய் போடுகிறீர்கள், பத்து நாள் கழித்துச் செலவழிக்கிறீர்கள். அந்தப் பத்து நாளும் உங்கள் பணம் இன்னொருவர் பொறுப்பில் இருக்கிறது. லட்சம் பேர் இப்படிப் போட்டுவைத்தால் ஒரு தனியார் கம்பெனியிடம் ஒரு சின்ன வங்கி அளவுக்குப் பணம் சேர்ந்துவிடும். ஐரோப்பாவில் இதை மின்பணம் என்கிறார்கள். நம் சட்டத்தில் இதற்கு முன்பணக் கருவி என்று பெயர். வாலட், ப்ரீபெய்டு அட்டை, பரிசு அட்டை எல்லாம் அந்தத் தலைப்புக்குள் வரும்.

இந்தியாவில் இதற்கான அடிப்படை 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு அமைப்புகள் சட்டம். 2008 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் இல்லாமல் யாரும் பணப் பரிவர்த்தனை அமைப்பைத் தொடங்கவோ நடத்தவோ கூடாது என்கிறது அதன் 4-ஆம் பிரிவு. மீறினால் சிறைத்தண்டனைக்கும் இடம் உண்டு. இதன் கீழ் வாலட்டுகளுக்கென்று தனி விதிமுறைத் தொகுப்பு இருக்கிறது. 2017-இல் வந்தது, 2021 ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்டது. வங்கி அல்லாத ஒரு நிறுவனம் வாலட் தொடங்க விண்ணப்பிக்கும்போதே 5 கோடி ரூபாய் நிகர மதிப்பு காட்ட வேண்டும். மூன்றாவது நிதியாண்டு முடிவதற்குள் அதை 15 கோடியாக்க வேண்டும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது எஸ்க்ரோ கணக்கு விதி. வங்கி அல்லாத நிறுவனம் மக்களிடம் வாங்கிய பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வணிக வங்கியில் தனியாக எஸ்க்ரோ கணக்கு திறந்து அதில்தான் வைக்க வேண்டும். அதிலிருந்து ஆபீஸ் வாடகை கொடுக்க முடியாது, விளம்பரத்துக்கு எடுக்க முடியாது. கடைக்காரருக்குச் சேர வேண்டியது, வாடிக்கையாளருக்குத் திருப்ப வேண்டியது என்று அனுமதிக்கப்பட்ட காரணங்களுக்கு மட்டும்தான் எடுக்கலாம். கம்பெனி திவாலானாலும் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பணத்தில் கைவைக்காதபடி சட்டத்தில் 23ஏ என்ற பிரிவு பின்னாளில் சேர்க்கப்பட்டது. உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பதன் உண்மையான பொருள், இந்தத் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். டாக்சார்ஜ் மாதிரி அங்கீகாரமே இல்லாத இடத்தில், வாங்கிய பணம் எந்தக் கணக்கில் கிடக்கிறது என்று கேட்க ஆள் கிடையாது.

எல்லாவற்றுக்கும் அங்கீகாரம் தேவையும் இல்லை. ஒரு கடை தன் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் அட்டை கொடுத்தால் அதற்கு ரிசர்வ் வங்கியிடம் போக வேண்டியதில்லை. சென்னை மெட்ரோவின் பழைய பயண அட்டையை நினைத்துப் பாருங்கள், மெட்ரோவில் மட்டும்தான் அதற்கு மதிப்பு. பின்னால் 2023 ஏப்ரலில் வந்த சிங்காரச் சென்னை அட்டை வேறு ரகம். அது மற்ற ஊர்ப் போக்குவரத்திலும் செல்லும். அதனால் அதை வழங்குவது மெட்ரோ நிறுவனம் அல்ல, ஸ்டேட் பேங்க். கொடுத்தவரைத் தவிர வேறு இடத்திலும் செலவழிக்க முடியும் என்று வந்துவிட்டால், பின்னால் ஒரு வங்கியோ அங்கீகாரம் பெற்ற நிறுவனமோ இருந்தாக வேண்டும்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அங்கீகாரச் சான்றிதழ்கள் என்ற தலைப்பில் ஒரு நீளமான பக்கம் இருக்கிறது. அட்டை நெட்வொர்க், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் சேவை, ஏடிஎம், முன்பணக் கருவி என்று வகை வகையாகப் பிரித்திருப்பார்கள். நிறுவனத்தின் பெயர், தலைமை அலுவலக முகவரி, எதற்கு அங்கீகாரம், எப்போது கொடுத்தது என்ற விவரங்கள் இருக்கும். தானாக முன்வந்து ஒப்படைத்தவை, ரத்தானவை எவை என்பதையும் ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. பார்க்க அழகான பக்கம் இல்லை. கைபேசியில் பார்த்தால் அட்டவணை ஓரம் வெட்டிக்கொண்டு போகும். ஆனால் ஆப் காட்டும் எந்தச் சான்றிதழைவிடவும் நம்பத்தகுந்தது அதுதான். ஆப்புக்குள் இருக்கும் இணைப்பை அழுத்தி அந்தப் பக்கத்துக்குப் போகாதீர்கள். ரிசர்வ் வங்கி தளத்தை நீங்களே தனியாகத் திறந்து தேடுங்கள்.

போனவுடன் முதல் சிக்கல்: ஆப்பின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அங்கீகாரம் கம்பெனிக்குத்தான் உண்டு, பிராண்டுக்கு இல்லை. மொபிக்விக் என்று நாம் சொல்வதன் கம்பெனிப் பெயர் ஒன் மொபிக்விக் சிஸ்டம்ஸ். அதனால் முதலில் ஆப்பின் விதிமுறைப் பக்கத்துக்கு, யாரும் படிக்காத அந்த நீண்ட பக்கத்துக்கு, போய் 'வழங்குபவர்' யார் என்று பார்க்க வேண்டும். அந்தப் பெயரை எழுத்து பிசகாமல் எடுத்துக்கொண்டு பட்டியலில் தேட வேண்டும். பெயர் ஒத்துப்போனால் போதாது, முகவரியையும் ஒப்பிடுங்கள். பெரிய கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டு பிழைப்பவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள்.

சில சமயம் வழங்குபவர் வேறொரு கம்பெனியாக இருப்பார். கூட்டு பிராண்டு என்ற இந்த ஏற்பாட்டை விதிமுறை அனுமதிக்கிறது. முன்னால் தெரிகிற நிறுவனத்தின் வேலை விளம்பரமும் விநியோகமும் மட்டும். பணம் இருப்பது வழங்குபவரிடம். அமேசானின் பரிசு அட்டை விதிமுறைகளில் குவிக்சில்வர் என்ற பெயரைப் பார்த்துக் குழம்பியவர்கள் உண்டு. அட்டையை வழங்கியது அவர்கள். கடன் வரம்போடு வந்த ஸ்லைஸ் அட்டை ஓடிக்கொண்டிருந்த நாட்களில் அதன் பின்னால் இருந்தது எஸ்பிஎம் வங்கி. கடன் வரம்பிலிருந்து ப்ரீபெய்டு கருவியில் பணம் ஏற்றக் கூடாது என்று 2022 ஜூன் 20-இல் ரிசர்வ் வங்கி சொன்னதும் அந்த வகை அட்டைகள் ஆட்டம் கண்டன. அட்டை வைத்திருந்த பல இளைஞர்களுக்கு அது கிரெடிட் கார்டு இல்லை, ப்ரீபெய்டு அட்டை என்பதே அன்றுதான் தெரிந்தது.

லண்டனில் இது இன்னும் கடுமையாக நடந்தது. அங்கே 2011-ஆம் ஆண்டு மின்பண விதிமுறைகளின் கீழ் நிதி நடத்தை ஆணையம் உரிமம் தருகிறது, அதன் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் சரிந்தபோது, அதன் பிரிட்டிஷ் துணை நிறுவனத்தின் செயல்பாட்டை ஜூன் 26-இல் ஆணையம் முடக்கியது. பாக்கிட், அன்னா போன்ற ஆப்களுக்குப் பின்னால் இருந்தது அந்தத் துணை நிறுவனம்தான், அதனால் அவற்றை வைத்திருந்தவர்களின் அட்டைகள் திடீரென்று நின்றன. அவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் வயர்கார்டு என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? சில நாட்களில் தடை நீங்கியது. ஆனால் அந்த வாரக் கடைசியில் கையில் வேறு காசு இல்லாதவர்கள் பட்ட பாடு சாதாரணமில்லை.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் உடனே மோசடி என்று சொல்லிவிடவும் முடியாது. இதற்கு நல்ல உதாரணம் கூகுள் பே. ரிசர்வ் வங்கியின் பட்டியலில் இதன் பெயர் இல்லையே, அங்கீகாரம் இல்லாமல் எப்படி நடத்தலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி பதில் சொன்னது: கூகுள் பே மூன்றாம் தரப்பு ஆப், அது எந்தப் பணப் பரிவர்த்தனை அமைப்பையும் நடத்தவில்லை, அதனால்தான் பட்டியலில் இல்லை. 2023-இல் வழக்கு தள்ளுபடியானது. யுபிஐ-யில் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கிளம்பி எதிராளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆப் நடுவில் நின்று கட்டளையைச் சொல்கிறது, பணத்தைத் தொடுவதில்லை. அந்த அமைப்பை நடத்துவது தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம். யுபிஐ ஆப்களின் பட்டியலும் அதன் தளத்தில்தான் இருக்கிறது. போன்பே மாதிரி சில ஆப்களில் யுபிஐ-யும் உண்டு, வாலட்டும் உண்டு. அங்கே எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து நாம் பார்க்க வேண்டிய பட்டியலும் மாறும்.

எதற்கான அங்கீகாரம் என்பதிலும் கண் வேண்டும். ஆன்லைன் கடைகளுக்குப் பணம் வசூலித்துக் கொடுக்கும் பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கு 2020 மார்ச்சில் தனி விதிமுறை வந்தது. அந்த அங்கீகாரம் வைத்திருக்கிற கம்பெனி அதைக் காட்டி வாலட் நடத்த முடியாது. கொள்கை அளவிலான ஒப்புதல் என்று இன்னொன்று இருக்கிறது. 'ஆர்பிஐ ஒப்புதல் கிடைத்துவிட்டது' என்று வரும் செய்திகளில் பல இந்த ரகம். நிபந்தனைகளை எல்லாம் முடித்துக்காட்டிய பிறகுதான் முழு அங்கீகாரம் வரும். கல்யாணத்தில் நிச்சயதார்த்தம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கிரிப்டோ ஆப்கள் காட்டும் நிதி நுண்ணறிவுப் பிரிவின் பதிவு இதைவிடக் குழப்பம் தருவது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டப்படி சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளைத் தெரிவிக்க 2023 மார்ச்சிலிருந்து அவர்களுக்கு வந்த கடமை அது. வாடிக்கையாளரின் பணத்துக்கு அது எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. ஜிஎஸ்டி எண், ஐஎஸ்ஓ சான்று, ஸ்டார்ட்அப் அங்கீகாரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இனி எனக்கே கொஞ்ச காலம் புரியாமல் இருந்த ஒரு விஷயம். அங்கீகாரம் என்பது ஒருமுறை வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டும் பட்டம் இல்லை. முன்பு குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்துப் புதுப்பித்தார்கள். 2020 டிசம்பரில் அதைக் காலவரம்பு இல்லாததாக மாற்றினார்கள். ஆனாலும் அது போகும். வோடஃபோனின் எம்-பெசா தானாகவே அங்கீகாரத்தை ஒப்படைத்து 2019 செப்டம்பரில் வாலட்டை முடித்துக்கொண்டது. விதிமுறைகளைப் பின்பற்றவில்லை என்று முத்தூட் வெஹிக்கிள் அண்ட் அசெட் ஃபைனான்ஸ், ஈகோ இந்தியா ஆகிய இரண்டின் அங்கீகாரத்தை 2021 டிசம்பர் 31 முதல் ரிசர்வ் வங்கியே ரத்து செய்தது. பாக்கி வர வேண்டியவர்கள் மூன்று ஆண்டுக்குள் அந்த நிறுவனங்களிடம் கேட்டுப் பெறலாம் என்றும் அறிவித்தது. பழைய வாலட்டில் காசு விட்டு மறந்துபோனவர்களுக்கு இப்படியொரு கெடு ஓடிக்கொண்டிருப்பதே தெரியாமல் போவதுண்டு.

ரத்தாகாமலே கை கட்டப்படுவதும் உண்டு. பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் புது வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை. 2024 ஜனவரி 31-இல் அடுத்த உத்தரவு: கணக்கிலும் வாலட்டிலும் இனிப் புதிதாகப் பணம் போட முடியாது. முதலில் பிப்ரவரி 29 என்றார்கள், பிறகு மார்ச் 15 ஆனது. இருக்கிற பணத்தை எடுக்கலாம், செலவழிக்கலாம். அந்த வாரங்களில் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு உரிமம் இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். அதனால் பட்டியலோடு நிறுத்தாமல், ரிசர்வ் வங்கியின் பத்திரிகைக் குறிப்புகளிலும் அந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டு ஒருமுறை தேடிவிடுவது நல்லது. இரண்டு நிமிட வேலை.

எதிர்ப்பக்கத்தில் எச்சரிக்கைப் பட்டியல் என்று ஒன்றும் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத அந்நியச் செலாவணி வர்த்தகத் தளங்களின் பெயர்களை 2022 செப்டம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி வெளியிட்டுவருகிறது. அதில் இல்லை, அதனால் நாங்கள் சரியானவர்கள் என்று வாதாடும் ஏஜெண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ரிசர்வ் வங்கியே அதை மறுத்துச் சொல்லியிருக்கிறது: அந்தப் பட்டியலில் இல்லாததால் மட்டும் ஒரு நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது.

உரிமம் இருந்தாலும் வாலட் வங்கிக் கணக்காகிவிடாது. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வங்கி அல்லாத நிறுவனத்தின் வாலட்டுக்கு அது கிடையாது. வட்டியும் கிடையாது, வட்டி தருகிறோம் என்று ஒரு வாலட் சொன்னால் அங்கேயே உஷாராகிவிடலாம். குறைந்த விவரங்களை மட்டும் கொடுத்துத் திறக்கும் சிறு வாலட்டில் 10,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. அதில் பொருள் வாங்கலாம், அடுத்தவருக்கு அனுப்ப முடியாது. முழு கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, முடித்த வாலட்டில் உச்சவரம்பு 2 லட்சம். 'எங்கள் வாலட்டில் வரம்பே இல்லை' என்ற விளம்பரத்தை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள்.

தமிழ் வாசகர்கள் இந்தியாவில் மட்டும் இல்லை என்பதால் இரண்டு வரி. சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் பணச் சேவைச் சட்டத்தின் கீழ் நாணய ஆணையம் உரிமம் தருகிறது. அதன் நிதி நிறுவனக் கையேட்டில் தேடும்போது, மின்பணம் வெளியிடுவது என்ற சேவை அந்த நிறுவனத்தின் பெயருக்கு நேரே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் அனுப்பும் சேவைக்கு மட்டும் உரிமம் வாங்கியவர்களும் அதே கையேட்டில்தான் இருப்பார்கள். இலங்கையில் மத்திய வங்கி 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உரிமம் தருகிறது. டயலாக்கின் ஈசி கேஷ் போலத் தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் மின்பணச் சேவைகளும் அதற்குள் வருகின்றன.

புகார் கொடுக்கும் இடமும் உரிமத்தைப் பொறுத்து மாறும். அங்கீகாரம் பெற்ற வாலட் பணத்தைத் தராமல் இழுத்தடித்தால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். அங்கீகாரம் இல்லாத நிறுவனம் என்றால் ஆம்புட்ஸ்மேனிடம் போக வழியில்லை. அதற்கு ரிசர்வ் வங்கி 2016-இல் தொடங்கிய சசெத் என்ற இணையதளம் இருக்கிறது, அங்கே தகவல் கொடுக்கலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

சித்தப்பாவோடு உட்கார்ந்து பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடினோம். அந்தக் கம்பெனி இல்லை. விதிமுறைப் பக்கத்தில் வேறு வழங்குபவர் பெயரும் இல்லை. வாலட்டில் 1,340 ரூபாய் இருந்தது. வங்கிக்கு மாற்றும் பொத்தானை அழுத்தினால் 'விரைவில்' என்று வந்தது. அதனால் அன்றே அதில் மின் கட்டணத்தைக் கட்டிக் காலி பண்ணிவிட்டு, சசெத்தில் ஒரு தகவலும் பதிவு செய்தோம். கட்டியதற்கு 12 ரூபாய் கேஷ்பேக் வந்ததாம். அது அந்த வாலட்டுக்குள்ளேயே கிடக்கிறது.